தோரங் லா: கணவாயைக் கடக்காமல் திரும்பி இறங்கிய ஓர் இரவு

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில், தோரங் லா கணவாயைக் கடக்கப் போன ஆறு பேர் குழுவுக்கு ஓர் அக்டோபர் மாதத்தில் நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்தக் குழுவில் இல்லை. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன், கைடிடம் போனில் பேசினேன், குழுத்தலைவரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நோயுற்றவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். மருந்தளவு வரும் இடங்களில், அது அன்று கொடுக்கப்பட்ட அளவு மட்டுமே. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம்

தோரங் லாவின் உயரம் 5416 மீட்டர். வடக்கே யாகாவா காங், தெற்கே காதுங் காங் என்று 6400 மீட்டரைத் தாண்டிய இரண்டு சிகரங்கள். அவற்றுக்கு நடுவே மனாங் பக்கத்தையும் முஸ்தாங் பக்கத்தையும் இணைக்கும் வழி இது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி.

கிழக்கிலிருந்து போகிறவர்களுக்குக் கடைசிப் பெரிய ஊர் மனாங், சுமார் 3540 மீட்டர். ஊருக்கு எதிரே கங்காபூர்ணாவின் (7455 மீட்டர்) பனியாறு தொங்கிக்கொண்டிருக்கும், அதன் அடியில் ஓர் ஏரி. பக்கத்திலேயே அன்னபூர்ணா 3. மழை மறைவுப் பகுதி என்பதால் ஊர் வறண்டு, பழுப்பாக இருக்கும். மனாங்கை விட்டு ஏறினால் யாக் கர்க்கா (சுமார் 4050), லேதர் (4200), தோரங் பேடி (4450). அதற்கு மேல் 4880 வாக்கில் ஹை கேம்ப், அப்புறம் கணவாய். உச்சியில் கொடிகளும் ஒரு சின்ன டீக்கடையும் உண்டு. மேற்கே முக்திநாத் வரை ஒரே மூச்சில் சுமார் 1600 மீட்டர் இறக்கம்.

முக்திநாத் நம்மவர்களுக்குப் புதிய பெயர் இல்லை. 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் சேவிக்கும் தலம் அது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியிருக்கிறார்கள். பெரும்பாலான தமிழ் யாத்ரீகர்கள் பொக்காராவிலிருந்து விமானத்தில் ஜொம்சொம் போய், ஜீப்பில் ஏறிச் சேவித்துவிட்டு வருவார்கள். இந்தக் குழு கிழக்கேயிருந்து நடந்து, கணவாயைத் தாண்டிப் போய்ப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று கிளம்பியது. அந்த ஆசை பின்னால் எடுத்த முடிவுகளிலும் கலந்திருந்ததால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்டோபர் நல்ல பருவம்தான். ஆனாலும் 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம், 14ஆம் தேதி இந்த மலைகளில் பனிப்புயலாகக் கொட்டியது. தோரங் லாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வங்கக் கடலில் சின்னம் உருவானால் இங்கே உள்ள கைடுகளும் வானிலை பார்ப்பது அதனால்தான்.

குழு

கோவைப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தலைவர். கல்லூரி ஆசிரியர்களான கணவன் மனைவி, 26 வயது இளைஞர் ஒருவர், அப்புறம் 47 வயதுள்ள ஒருவரும் அவருடைய தங்கை கணவரும். இந்த 47 வயதுக்காரர்தான் குழுவிலேயே உடல் வலு மிகுந்தவர், மாரத்தான் ஓடுபவர். இனி அவரை ஓட்டக்காரர் என்றும், தங்கை கணவரை மாப்பிள்ளை என்றும் குறிப்பிடுகிறேன். கூடவே ஒரு கைடு, ஒரு துணை கைடு, இரண்டு போர்ட்டர்கள்.

இருவர் மட்டும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர மலை நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டக்காரர் வேண்டாம் என்றார். அடிக்கடி சிறுநீர் போகும், விரல் நுனி மரமரக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டும் உண்மைதான். "மாத்திரை போட்டு ஏறினா அது ஏறினதா?" என்றும் ஒரு பேச்சு. நன்றாக ஓடுபவர்களிடம் இந்தப் பேச்சை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். உடல் வலுவுக்கும் உயரத்தைத் தாங்குவதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால், வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவார்கள், உடம்பு பின்தங்கிவிடும்.

மனாங் வரை: தேதி தப்பவில்லை, இரவுகள் தப்பின

முதலில் போட்ட திட்டம் நல்ல திட்டம். பெசிசகரிலிருந்து (760 மீட்டர்) ஜீப்பில் சாமே (2670), அங்கே ஓர் இரவு. நடந்து மேல் பிசாங் (3300), அங்கே ஓர் இரவு. பிறகு மனாங், அங்கே இரண்டு இரவு.

பெசிசகரிலேயே சிக்கல். மேலே பாதையில் மண் சரிந்து, முதல் நாள் ஜீப் கிளம்பவில்லை. மறுநாள் தாராபானி (சுமார் 1860) வரைதான் போக முடிந்தது. மூன்றாம் நாள் பாதை திறந்ததும் தலைவர் ஒரு முடிவு எடுத்தார்: சாமேயிலும் பிசாங்கிலும் நிற்காமல் அதே ஜீப்பில் நேரே மனாங் போய்விடலாம். அப்படிப் போனால் திட்டமிட்ட தேதியில் மனாங்கில் இருப்போம், காத்மாண்டுவிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டுக்கும் பங்கம் வராது.

காகிதத்தில் பார்த்தால் எதுவும் மாறவில்லை. உடம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால், 2670லும் 3300லும் தூங்க வேண்டிய இரண்டு இரவுகள் காணாமல் போய்விட்டன. ஒரே பகலில் 1860லிருந்து 3540க்கு ஏறியிருக்கிறார்கள். 3000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடு என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் சொல்லும் விதி. ஜீப் பாதை வந்த பிறகு இந்த விதி மீறப்படுவதே தெரிவதில்லை. உட்கார்ந்திருக்கிறோம், மூச்சு வாங்கவில்லை, அதனால் ஏறிய மாதிரியே இல்லை.

மனாங்கிலும் யாக் கர்க்காவிலும் கண்டவை

மனாங்கில் இறங்கிய அன்று மாலையே ஓட்டக்காரருக்குத் தலைவலி. ஜீப் குலுக்கல் என்றார். டால் பாத்தில் பாதியை மீதி வைத்தார். பாராசிட்டமால் போட்டுக்கொண்டதும் வலி குறைந்தது. மறுநாள் ஓய்வு நாள். மற்றவர்கள் கங்காபூர்ணா ஏரிக்கு மேலுள்ள மேட்டுக்கு ஏறிவிட்டு வந்தார்கள். இவர் படுத்திருந்தார்.

இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ உதவி நிலையம் ஒன்று மனாங்கில் பருவ காலத்தில் இயங்குகிறது. வெளிநாட்டுத் தன்னார்வ மருத்துவர்கள் இருப்பார்கள். பிற்பகலில் உயர மலை நோயைப் பற்றி ஒரு பேச்சும் உண்டு. குழுவில் நான்கு பேர் அதற்குப் போனார்கள். ஓட்டக்காரரும், அவருக்குத் துணையாக மாப்பிள்ளையும் அறையிலேயே இருந்துவிட்டார்கள். அதாவது, அந்தப் பேச்சை மிகவும் கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேர்.

மறுநாள் யாக் கர்க்கா. வழக்கமாக முன்னால் போகிறவர் கடைசியாக வந்து சேர்ந்தார். வழியில் ஒரு தடவை வாந்தி. மனாங்கில் குடித்த பூண்டு சூப் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினார்கள். (அந்தப் பக்கம் எந்த டீ ஹவுஸுக்குப் போனாலும், உயரத்துக்கு மருந்து என்று பூண்டு சூப்பைத் தலையில் கட்டுவார்கள். சூடாக இருக்கும், குடிக்கலாம். வைத்தியம் என்று கணக்கில் எழுதக் கூடாது.) அன்று மாலை தலைவரின் நோட்டில் இப்படி இருக்கிறது: "தலைவலி, மாத்திரைக்கு அடங்கவில்லை. வாந்தி 1. ரொம்பச் சோர்வு. ஆக்சிமீட்டர் 81. மற்றவர்கள் 83 முதல் 87. தம்பி மட்டும் 79." ஆக்சிமீட்டர் என்பது விரலில் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி. தம்பி என்றது அந்த இளைஞரை. அவர் நன்றாகச் சாப்பிட்டு, சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

இந்த 79தான் குழுவைத் திசை திருப்பியது. குறைந்த எண் உள்ளவனே நன்றாக இருக்கிறான், 81க்கு என்ன பயம் என்று நினைத்துவிட்டார்கள். விரல் குளிர்ந்திருந்தாலே அந்தக் கருவி தாறுமாறாகக் காட்டும். அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அறிகுறிகளை எண்ணியிருக்க வேண்டும். அதற்கு லேக் லூயிஸ் மதிப்பெண் என்று எளிய முறை ஒன்று இருக்கிறது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தலைசுற்றல் நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலியோடு மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர மலை நோய் என்று கொள்ள வேண்டும். நோட்டில் இருப்பதை வைத்து நான் கூட்டிப் பார்த்ததில் ஓட்டக்காரருக்கு 5 வந்தது. இளைஞருக்கு 0.

கைடு அன்று இரவே, "நாளை இவர் இங்கேயே இருக்கட்டும்" என்றிருக்கிறார். தலைவர் யோசித்தார். ஓட்டக்காரர் காலையில் எழுந்து, சரியாகிவிட்டது என்றார். யாக் கர்க்காவிலிருந்து பேடிக்கு 400 மீட்டர்தானே, 500க்குள்தானே இருக்கிறது என்று விதியைச் சுட்டிக்காட்டியவரும் அவர்தான். அறிகுறி இல்லாதவர்களுக்கான விதி அது. அறிகுறி இருக்கும்போது ஒரு மீட்டர்கூட ஏறக் கூடாது என்ற விதி அதற்கு மேலே இருக்கிறது. எல்லோரும் கிளம்பினார்கள்.

பேடியில் அந்த இரவு

பிற்பகல் இரண்டு மணி வாக்கில் பேடி. ஓட்டக்காரர் நேரே படுக்கைக்குப் போனார். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். முற்பகலில் காற்று எழும்பிவிடும் என்பதால் இருட்டிலேயே ஏறுவது அங்கே வழக்கம். அதனால் எட்டரைக்கே எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு மேல் கைடு அறைக்கு வந்து, இந்தியில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "டீக் ஹை, டீக் ஹை" என்று பதில் வந்தது. அவர் போன பிறகு மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். ஓட்டக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கையுறை போட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதன் மேலேயே இரண்டாவதையும் மாட்ட இழுத்துக்கொண்டிருந்தார். வலது கை வெறுமையாக இருந்தது.

"மச்சான், என்ன பண்றீங்க?"

"கிளம்பணுமில்லீங்க மாப்பிள்ளை."

"நாம எங்க இருக்கோம்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "பிசாங்" என்றார். அவர்கள் தங்காமலே கடந்து வந்த ஊர்.

இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தக் கட்டத்தைத்தான். உயர மலை நோய் முற்றி மூளையில் நீர் கோக்கும்போது தள்ளாட்டமும் குழப்பமும் முதலில் தெரியும். குழப்பத்தைக் கண்டுபிடிக்க, அவரவர் தாய்மொழியில், ஆம் இல்லை என்று சமாளிக்க முடியாத கேள்வி கேட்க வேண்டும். பாதி தெரிந்த மொழியில் "டீக் ஹை", "ஓகே" என்ற பதில்கள் வாயில் தானாக வரும், அறிவு அவ்வளவாகத் தேவைப்படாது. கைடு திறமைசாலிதான். கேள்வியும் சரி. மொழிதான் காலை வாரியது.

மாப்பிள்ளை ஓடிப்போய்க் கைடை அழைத்து வந்தார். சாப்பாட்டு அறையில் தரைப்பலகைகள் சேரும் கோடு ஒன்றைக் காட்டி, குதிகாலை மறுகாலின் பெருவிரலில் ஒட்டவைத்து அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார் கைடு. முதலில் இளைஞரை நடக்கவிட்டார், அவர் கடைசி வரை நடந்தார். ஓட்டக்காரர் மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். ஆக்சிமீட்டர் 74. மூச்சுத் திணறலோ இருமலோ இல்லை. "இப்போதே இறங்க வேண்டும்" என்றார் கைடு.

வாக்குவாதம்

முக்கால் மணி நேரம் போயிற்று. சொல்லப்பட்ட எதுவும் முட்டாள்தனமான பேச்சு இல்லை, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

விடியும் வரை காத்திருந்து ஹெலிகாப்டர் கூப்பிடலாம் என்றார் ஆசிரியர். இரவில் ஹெலிகாப்டர் பறக்காது. காலையில் வருவதும் மேகத்தைப் பொறுத்தது, பணத்துக்கு யார் பொறுப்பு என்பது உறுதியாக வேண்டும். நல்லபடி நடந்தாலும் ஒன்பது பத்து மணி நேரம் அதே உயரத்தில் கிடக்க வேண்டும். மூளை வீக்கம் அத்தனை நேரம் பொறுத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மயக்கத்துக்குப் போய்விட்டால் அப்புறம் நடக்கவைத்து இறக்கவும் முடியாது.

அடுத்த யோசனை ஓட்டக்காரரிடமிருந்தும் தலைவரிடமிருந்தும் வந்தது. கணவாய்களுக்கே உரிய பொறி அது. முக்திநாத் சுமார் 3800 மீட்டர். யாக் கர்க்காவைவிடத் தாழ்வு. எப்படியும் இறங்கத்தானே வேண்டும், முன்னால் இறங்கினால் என்ன? நாளை மதியம் 3800ல் இருக்கலாம், சேவித்தும் ஆயிற்று. லாட்ஜில் குதிரை வைத்திருந்தவர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்: முடியாதவர்களைக் கணவாய் உச்சி வரை தான் கொண்டுவிடுவது வழக்கம்தான் என்றார். அதுவும் பொய் இல்லை, பேடியில் குதிரை கிடைக்கும்.

சிகரம் ஏறுகிறவனுக்கு இந்தக் குழப்பம் வராது. அவனுக்கு இறங்கும் வழி ஒன்றுதான், வந்த வழி. கணவாயில் இரண்டு பக்கமும் இறக்கம் இருக்கிறது, முன்னால் இருக்கும் இறக்கம் கூடுதலாகவே இறங்குகிறது. ஆனால் அதற்கு முன்னால் 966 மீட்டர் ஏற்றம் நிற்கிறது. கைடு ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் ஒரு மலையை வரைந்து, பேடிக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் எண்களை எழுதிக் காட்டியிருக்கிறார். அந்தத் தாளைத் தலைவர் இன்னும் நோட்டில் வைத்திருக்கிறார். பின்னால் போனால் இந்த நிமிடத்திலிருந்தே உயரம் குறையும். முன்னால் போனால், காலையில் கிளம்பியதிலிருந்து கணவாயைத் தாண்டி மறுபக்கம் பேடியின் உயரத்துக்கு வந்து சேரும் வரை ஏழெட்டு மணி நேரம், இப்போது இருப்பதைவிட மோசமான காற்றில். குதிரையில் உட்கார்ந்தால் கால் வலிக்காது, அவ்வளவுதான். காற்றில் ஆக்சிஜன் கூடிவிடாது. வழியில் நிலைமை மோசமானால், கணவாய்க்குப் பக்கத்தில் திரும்பி வரவும் வழியில்லை, முன்னால் ஓடவும் வழியில்லை.

மூன்றாவதாக ஆசிரியை கேட்டது: பேடிக்கும் லேதருக்கும் நடுவே கல் உருளும் சரிவு இருக்கிறதே, ராத்திரியில் அதைக் கடக்கலாமா? இதுதான் கைடை யோசிக்கவைத்த ஒரே கேள்வி. வெயில் பட்டு இளகி, பிற்பகலில் காற்று அடிக்கும்போதுதான் கல் அதிகம் வரும், இரவில் உறைந்து கிடக்கும், ஒவ்வொருவராகக் கடந்தால் போகலாம் என்பது அவர் கணிப்பு. ஆபத்து இல்லை என்று அவர் சொல்லவில்லை. இரண்டில் எது சின்னது என்று பார்த்தார்.

ஓட்டக்காரர் வர மாட்டேன் என்றார். தன்னால் எல்லோருடைய பயணமும் கெடுகிறதே என்று அழுதிருக்கிறார். கடைசியில் மாப்பிள்ளைதான் முடித்துவைத்தார்: "மச்சானுக்கு இப்ப யோசிக்க முடியலீங்க சார். அவர்கிட்டக் கேட்டு முடிவு பண்ண வேண்டாம். வீட்டுல போய் என் பொண்டாட்டிக்கு நான்தான் பதில் சொல்லணும்." தலைவர் சரி என்றார்.

இறக்கம்

தலைவரின் மருந்துப் பெட்டியில், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை இருந்தது. கோவையில் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்து, எப்போது எவ்வளவு என்று தாளில் குறித்து ஒட்டியிருந்தார். முதலில் 8 மில்லிகிராம் கொடுத்தார்கள். லாட்ஜில் ஒரு சின்ன ஆக்சிஜன் உருளை வாடகைக்குக் கிடைத்தது. கைடு, ஒரு போர்ட்டர், மாப்பிள்ளை, ஓட்டக்காரர் என நான்கு பேர். மற்றவர்கள் துணை கைடோடு பேடியிலேயே இருக்க வேண்டும், தலைவலி யாருக்கு வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பத்தரைக்குக் கிளம்பினார்கள்.

கைடு முன்னால், மாப்பிள்ளை பக்கத்தில், போர்ட்டர் பின்னால் ஓட்டக்காரரின் பை வாரைப் பிடித்தபடி. சரிவுக்கு வந்ததும் கைடு எல்லோரையும் நிறுத்தி, ஹெட்லாம்ப் வெளிச்சத்தை மேலே அடித்துப் பார்த்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஓட்டக்காரரைத் தானே கைப்பிடித்துக் கடத்திவிட்டார். மற்ற இருவரும் இடைவெளி விட்டு வந்தார்கள். கல் எதுவும் வரவில்லை.

அதற்கு அப்பால் ஓட்டக்காரர் உட்கார்ந்துவிட்டார். எழுப்பினால் எழவில்லை. நெற்றியில் பட்டை மாட்டிச் சுமை தூக்குகிற போர்ட்டர், அதே பட்டையில் ஒரு போர்வையை மடித்துக் கட்டி இருக்கை மாதிரி ஆக்கி, அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். 70 கிலோ ஆள். நின்று நின்று, லேதர் போய்ச் சேர நள்ளிரவு தாண்டி முக்கால் மணி. லேதரிலேயே படுத்துவிடலாம் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. ஓட்டக்காரரால் தனியாக நிற்க முடிகிறதா என்று கைடு பார்த்தார், முடியவில்லை. ஆக்சிஜனும் தீர்ந்துகொண்டிருந்தது. யாக் கர்க்கா வரை போய்விட்டார்கள். அப்போது மணி இரண்டரை.

காலை ஆறு மணிக்கு ஓட்டக்காரர் தானாக எழுந்து தண்ணீர் கேட்டார். ஊர் பெயரைச் சரியாகச் சொன்னார். தள்ளாட்டம் மட்டும் இருந்தது. 400 மீட்டர் இறக்கமும் அந்த மருந்தும் சேர்ந்து இவ்வளவு செய்திருக்கின்றன.

பின்பு நடந்தவை

யாக் கர்க்காவில் குதிரை பிடித்து, நண்பகலில் மனாங் மருத்துவ நிலையம். நுரையீரலில் நீர் இல்லை, உயரத்தால் வந்த மூளை வீக்கத்தின் ஆரம்பக் கட்டம் என்றார் மருத்துவர். ஆறு மணிக்கு ஒரு தடவை 4 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் தொடர வேண்டும், அன்றே இன்னும் கீழே போக வேண்டும் என்று சொன்னார். மருந்து நன்றாகக் காட்டுவதை நம்பி மறுபடி ஏறக் கூடாது என்றும் அழுத்திச் சொல்லியிருக்கிறார். ஜீப்பில் சாமே இறங்கினார்கள். மறுநாள் பெசிசகர், காத்மாண்டு. அங்கே எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பகுதியில் லேசான வீக்கம் தெரிந்தது. ஊருக்கு வந்து சில வாரங்களில் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டார். பேடியில் சாப்பாட்டு அறைக்கோட்டில் நடந்தது முதல் யாக் கர்க்காவில் தண்ணீர் கேட்டது வரை அவருக்கு எதுவும் நினைவில் இல்லை.

தலைவர் மறுநாள் காலையில் அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டார். ஆசிரியத் தம்பதியும் இளைஞரும் பேடியில் ஒரு நாள் கூடுதலாக இருந்து, துணை கைடோடு கணவாயைக் கடந்து முக்திநாத் சேர்ந்தார்கள். பயணக் காப்பீடு பற்றியும் ஒன்று தெரியவந்தது: ஓட்டக்காரரின் பாலிசியில் 4000 மீட்டருக்கு மேல் மலையேற்றத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. ஹெலிகாப்டர் வந்திருந்தால் முழுப் பணமும் கையிலிருந்துதான் போயிருக்கும்.

மாற்ற வேண்டியவை

குழுவோடு உட்கார்ந்து பேசியதில் எல்லோரும் ஒத்துக்கொண்ட முதல் மாற்றம், திட்டத்தாளில் தேதிக்குப் பக்கத்தில் அன்று தூங்கும் உயரத்தை எழுதுவது. பாதை அடைத்தால் உயர வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு தேதியைத் தள்ள வேண்டும். அதற்கு விமான டிக்கெட்டில் இரண்டு நாளாவது உபரி வேண்டும். உபரி நாள் இல்லை என்றால் கணவாயை விட்டுவிட்டு, மனாங்கோடு திரும்பிவிடுவது. மனாங்கும் பார்க்க வேண்டிய இடம்தான், அதில் குறை ஒன்றும் இல்லை.

தினமும் காலையும் மாலையும் அறிகுறி மதிப்பெண்ணை ஒருவர் கேட்டு எழுத வேண்டும், தமிழில். வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். ஆக்சிமீட்டரை இனி எடுத்துப் போக வேண்டாம் என்று தலைவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் ஆளுடைய எண் நாளுக்கு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்க அது உதவும். ஒருவரோடு ஒருவரை ஒப்பிடத்தான் உதவாது.

யார் முடிவெடுப்பது என்பதை மலைக்குப் போகும் முன்பே பேசிவைத்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும். இப்போது அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: இறங்கச் சொல்ல கைடு ஒருவரே போதும், ஏறச் சொல்ல எல்லோரும் வேண்டும். யாக் கர்க்காவில் கைடு சொன்ன அன்றே இது இருந்திருந்தால் பேடி இரவே வந்திருக்காது.

ஓட்டக்காரருக்கு முக்திநாத் ஆசை விடவில்லை. ஒருமுறை இப்படி ஆனவர் மறுபடி உயரத்துக்குப் போகவே கூடாது என்றில்லை, மெதுவாக ஏற வேண்டும், தடுப்பு மருந்து எடுக்க வேண்டும் என்பது அவருடைய மருத்துவரின் கருத்து. இந்த முறை மேற்கு வழியாக, தங்கை குடும்பத்தோடு போகிறார். பொக்காராவிலிருந்து (820 மீட்டர்) ஜொம்சொம் (2740) போனதும் அன்றே மேலே ஏறாமல் அங்கேயே இரண்டு இரவு. பிறகு காக்பேனியில் (2800) ஓர் இரவு. காலையில் ஜீப்பில் முக்திநாத் ஏறி, 108 தாரைகளில் நீராடி, பெருமாளைச் சேவித்து, மதியச் சாப்பாட்டுக்குக் காக்பேனிக்கே இறங்கிவிடுவது. டயமாக்ஸ் 125 மில்லிகிராம், காலை மாலை இரண்டு வேளை, ஜொம்சொம் போவதற்கு முந்தின நாளிலிருந்து. திட்டத்தாளை எனக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் உயரம் எழுதியிருக்கிறது.